பேருங்கள சொல்லுங்கண்ணா

சில வருடங்களுக்கு முன் கத்திவாக்கத்தில் ஒரு சாவு வீடு. தெருவை அடைத்துப் போட்டிருந்த ஷாமியானாவுக்குக் கீழே, ராத்திரி பத்து மணிக்கு மேல், கானா பாட வந்தவர் முதலில் ஒரு துண்டுப் பேப்பரும் பேனாவும் கேட்டார். "பேருங்கள சொல்லுங்கண்ணா. பெரியவரு பேரு, அம்மா பேரு, பசங்க, மருமவப்புள்ளைங்க, பேரப்பசங்க. வூட்ல இன்னான்னு கூப்புடுவீங்களோ அதையும் சொல்லுங்க." மூத்த மகன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இருபதுக்கு மேல் இருக்கும்.

இறந்தவர் பக்கத்து ஆலை ஒன்றில் வெகுகாலம் காண்ட்ராக்ட் கூலி. ஆலையின் கணக்கில் அவர் பெயர் எங்கேயும் இருந்ததில்லை என்று மகன் சொன்னார். காண்ட்ராக்டர் பெயர் இருக்கும், எதிரே இத்தனை ஆள் என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குள் அப்பா. (வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளாததால் அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.)

பாட்டில் நிஜ மனிதரின் பேர் வருவது தமிழுக்குப் புதிதல்ல. பாரி, ஓரி, காரி எல்லாம் பாட்டில் பிழைத்தவர்கள்தான். ஆனால் அவர்கள் கொடுத்தவர்கள். ஒன்றும் கொடுக்க இல்லாதவன் பேர் பாட்டுக்குள் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்கு முதல் பதில் கத்திவாக்கத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்து ஊரான திருவொற்றியூரிலேயே கிடைக்கிறது.

சுந்தரர் ஒற்றியூருக்கு வந்தார், சங்கிலியாரைக் கட்டினார், பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார், அதை மீறிக் கிளம்பிக் கண்ணிழந்தார். கதை எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டிகள் பேரைச் சாமி பாட்டில் கூசாமல் வைத்த ஆள் அவர். நாகைக்காரோணப் பதிகத்தில் பரவை, சங்கிலி இருவரும் பேரோடு வருகிறார்கள். அவர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையோ முழுக்க முழுக்கப் பேர்ப் பட்டியல். பதினொரு பாட்டு, தனி அடியார் 60 பேர், கூட்டமாக 9 தொகை. கடைசியில் தன் பேரையும் அப்பா அம்மா பேரையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார். பிற்காலத்தில் அந்த மூன்றையும் கூட்டித்தான் நாயன்மார் 63 ஆனார்கள்.

அந்தப் பட்டியலில் 'கலியன்' என்று ஒரு சொல். அவ்வளவுதான், ஒரு அடைமொழிகூடக் கிடையாது. யார் இவர் என்பதை விரித்துச் சொல்ல 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் வரவேண்டியிருந்தது. ஒற்றியூர்ச் செக்கார். கோயிலுக்கு விளக்கேற்றியே சொத்தெல்லாம் கரைந்தபின், எண்ணெய்க்காகக் கூலிக்குப் போய்ச் செக்கு ஓட்டினார். கூலி வேலையும் கிடைக்காத நாளில், எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே ஊற்ற கழுத்தை அரியப் போனார். பக்திக் கதையாக ஊர் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கும். எனக்கு இதில் தெரிவது வேலை நின்றுபோன ஒரு கூலிக்காரர். இந்தக் கடற்கரையிலிருந்து பாட்டுக்குள் பேரோடு நுழைந்த முதல் தொழிலாளி என்று அவரைச் சொன்னால் அடியார்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதே ஒற்றியூருக்கு வீணை குப்பையர் அழைத்து தியாகராஜர் வந்தார். திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். மனிதர் பேர் ஒன்றும் பாடவில்லை. நரஸ்துதி கூடாது என்பது அவர் கொள்கை. நிதியா சுகம் என்று கேட்கும் கீர்த்தனையிலேயே அதைச் சொல்லிவிட்டார். தப்பில்லை, அரண்மனை வாசலில் நின்று காசுக்கு ஆளைப் புகழ்வதைத்தான் அவர் வெறுத்தார். ஆனால் அந்த வெறுப்பு பிறகு சபா மேடை முழுக்கப் பரவி, மனிதர் பேர் வந்தாலே பாட்டு ஒரு படி மட்டம் என்றாகிவிட்டது.

மட்டமான பாட்டில் பேர் தாராளமாக வந்தது. குஜிலிக் கடைகளில் காலணா அரையணாவுக்கு விற்ற சிந்துகளில் கொலையாளி, செத்தவர், போலீஸ், ஜட்ஜ் என்று எல்லோருக்கும் பேர் உண்டு. 1952-இல் ஆளவந்தார் கொலையில் உடல் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியிலும், தலை ராயபுரம் கடற்கரை மணலிலும் கிடைத்தன. சிந்துக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஏழை பேர் அச்சில் வரவேண்டுமென்றால் அவன் கொல்லவேண்டும் அல்லது கொலையாகவேண்டும் என்பதுதான் அந்தப் பாட்டுகளின் கணக்கு.

மரண கானா மாற்றியது இந்தக் கணக்கைத்தான். சும்மா செத்தால் போதும், பேர் பாட்டில் வரும். மெட்டு பெரும்பாலும் கேட்ட மெட்டு, வரிகளிலும் பாதி ஏற்கெனவே இருப்பவை. பேர் மட்டும் அந்த ராத்திரிக்கு உரியது. கானா சினிமாவுக்குப் போனபோது முதலில் உதிர்ந்ததும் அதுதான். 2006-இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் பாடிய கல்யாணப் பாட்டில் சொந்தபந்தம் எல்லாம் வருகிறது, ஆனால் அத்தனையும் மீன்! 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடியபோது அது யார் வேண்டுமானாலும் பாடிக்கொள்ளும் காதல் சோகமானது. குறை சொல்லவில்லை. ஊரெல்லாம் ஓடவேண்டிய பாட்டில் ஒரே ஒரு ஆளின் பேரை வைக்க முடியாது.

2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் மேட்டில் நின்று 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. வசவாகிப்போன ஒரு சொல்லைத் திரும்ப நிலத்துக்கே கொடுத்த பாட்டு. எனக்குப் பிடிக்கும். அந்தச் சாம்பலை மூச்சில் இழுத்தவர்களில் ஒருவர் பேராவது அதில் இருந்திருக்கலாம் என்றும் தோன்றும். பாட்டு நிலத்தைப் பற்றியது, ஆளைக் கேட்பது நியாயமில்லை என்றும் தோன்றும்.

அந்த ராத்திரி இரண்டு மணி சுமாருக்குக் கத்திவாக்கத்தில் ஒரு சண்டை. சின்ன மருமகன் எழுந்து வந்து, "எல்லாரு பேரும் வந்துச்சு, எம்பேரு எங்க?" என்றார். குடித்திருந்தார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். பாடுகிறவர் கையமர்த்திவிட்டுத் துண்டுப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது. "மன்னிச்சுக்குங்க மாமா," என்று சொல்லி, பேனாவை வாங்கி எழுதிக்கொண்டு, பெரியவர் பேரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.