எர்ன்ஷா தேற்றமும் மிதக்கும் பம்பரமும்

ஒரு காந்தத்தின் மேல் மற்றொன்றை அந்தரத்தில் நிறுத்த வீட்டில் முயன்றவர்கள் ஒரே முடிவையே கண்டிருப்பர். ஒத்த துருவங்கள் விலக்கினாலும், மேலுள்ள காந்தம் பக்கவாட்டில் நழுவும். இல்லையேல் புரண்டு கீழுள்ளதோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு விளக்கமாகப் பாடநூல்கள் சுட்டுவது எர்ன்ஷா தேற்றம்.

சாமுவேல் எர்ன்ஷா கேம்பிரிட்ஜில் பயின்ற கணிதவியலாளர், மதகுருவும்கூட. 1842இல் அச்சான அவரது கட்டுரை காந்தத்தைப் பற்றியதன்று. ஒளியைச் சுமப்பதாக அன்று கருதப்பட்ட ஈதரின் துகள்களிடையே எத்தகைய விசை நிலவக்கூடும் என்பதே அவரது வினா. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் விசைகளால் மட்டும் ஒரு துகளை உறுதிச் சமநிலையில் நிறுத்த இயலாது என அவர் நிறுவினார். ஈதர் கோட்பாடு மறைந்தது, தேற்றம் நிலைத்தது. நாளடைவில் அதன் நிபந்தனைகள் மங்கி, ‘காந்தங்களால் மட்டும் எதையும் மிதக்கவைக்க இயலாது’ என்ற சுருக்கமே மிஞ்சியது.

1939இல் பிரவுன்பெக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் பிஸ்மத், கிராஃபைட் துண்டுகளை மின்காந்தப் புலத்தில் மிதக்கவிட்டு, டயாகாந்தப் பொருள்கள் இத்தடைக்குள் அடங்கா எனக் காட்டினார். மற்றொரு விலக்கு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ராய் ஹாரிகன், சுழலும் காந்தப் பம்பரம் ஒன்றை மிதக்கவைத்து 1983இல் காப்புரிமை பெற்றார். 1990களில் இவ்வகைப் பம்பரம் ‘லெவிட்ரான்’ என்ற பெயரில் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. 1996இல் மைக்கேல் பெர்ரி அதன் இயற்பியலை விளக்கினார்.

விரைந்து சுழல்வதால் பம்பரம் புரளாது என்பது பாதி விளக்கமே. அச்சு முற்றிலும் விறைத்து நின்றால் தேற்றம் மீண்டும் பொருந்தும். பம்பரம் பக்கவாட்டில் நழுவிவிடும். அச்சு தலையாட்டமாடியபடி, ஒவ்வோர் இடத்திலும் காந்தப்புலத்தின் திசையைப் பின்தொடர வேண்டும். அப்போது பம்பரத்தின் காந்த ஆற்றலைத் தீர்மானிப்பது புலத்தின் மொத்த வலிமை. அதற்கு எர்ன்ஷாவின் தடை இல்லை. எனவேதான் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1000 சுற்றுகளுக்குக் கீழே குறைந்தால் பம்பரம் விழுகிறது. வேகம் அளவுகடந்தாலும் நிலைப்பதில்லை.

ஹாரிகனின் பம்பரம் தேற்றத்தைப் பொய்யாக்கவில்லை. அதன் எல்லையை வெளிப்படுத்தியது. பம்பர இயக்கத்தின் கணிதம் 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. காப்புரிமை ஆவணமும் 1983 முதல் பொதுவெளியில் இருந்தது. ஆயினும் இரண்டையும் இணைத்துப் பார்க்க 13 ஆண்டுகள் ஆயின. தேற்றங்களை அவற்றின் நிபந்தனைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பதற்கு இந்தத் தாமதமே போதிய சான்று.