பயாப்சி, ஸ்டேஜ், கிரேடு... கேன்சர் ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

காஞ்சிபுரத்தில் பிறந்த முன்னாள் முதலமைச்சர் அண்ணா, உணவுக்குழாய் புற்றுநோய்க்காக 1968-ல் நியூயார்க் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ம் தேதி காலமானார். அவரது பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை செயல்பட்டு வருகிறது.

இங்கே மட்டுமல்ல, எந்த மருத்துவமனையில் ரிப்போர்ட் வாங்கினாலும் சில வார்த்தைகள் நம்மைக் குழப்பும். அதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டா வீண் பயம் வரும். சிலருக்கு சிகிச்சையே தள்ளிப்போகும். முக்கியமான வார்த்தைகளைப் பார்க்கலாம்.

கட்டி என்றாலே கேன்சரா?

இல்லை. 'பினைன்' என்று இருந்தால் அது புற்றுநோய் கட்டி அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. 'மாலிக்னன்ட்' என்றால்தான் புற்றுநோய்.

பயாப்சி எடுத்தால் பரவுமா?

சந்தேகம் உள்ள இடத்தில் கொஞ்சம் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பயாப்சி. 'ஊசி பட்டா பரவிடும்' என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் உண்டு. முறைப்படி எடுக்கும்போது அப்படி நடக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. என்ன வகை புற்றுநோய், என்ன மருந்து என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகும்.

பாசிட்டிவ் நல்லதா, கெட்டதா?

எதைத் தேடினார்களோ அது இருக்கிறது என்பதே 'பாசிட்டிவ்'. எதற்கான டெஸ்ட் என்று பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோயில் 'இ.ஆர். பாசிட்டிவ்' என்றால் ஹார்மோன் சிகிச்சை பலன் தர வாய்ப்பு உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு 'மார்ஜின் நெகட்டிவ்' என்று வந்தால், வெட்டி எடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுநோய் செல்கள் தெரியவில்லை என்று பொருள்.

ஸ்டேஜும் கிரேடும் ஒன்றா?

இங்கேதான் பலர் பதறிப்போகிறார்கள். நோய் எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். செல்கள் இயல்பான தோற்றத்தில் இருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது கிரேடு. 'கிரேடு 3' என்று இருந்தால் மூன்றாவது ஸ்டேஜ் என்று அர்த்தமில்லை.

மெட்டாஸ்டாஸிஸ் என்றால்?

தொடங்கிய இடத்தை விட்டு வேறு உறுப்புக்குப் பரவுவது. மார்பகத்தில் தொடங்கி எலும்புக்குப் பரவினாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். சிகிச்சையும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கும்.

ரெமிஷன் என்றால் குணமாகிவிட்டதா?

நோயின் அறிகுறிகள் குறைந்திருக்கின்றன அல்லது மறைந்திருக்கின்றன என்று பொருள். திரும்ப வரலாம் என்பதால் செக்கப்பை நிறுத்தக்கூடாது.

பாலியேட்டிவ் கேர்

'இனி ஒன்னும் பண்ண முடியாது' என்பதல்ல இதன் அர்த்தம். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மனச்சோர்வைக் குறைக்கும் சிகிச்சை இது. கீமோ, ரேடியேஷன் நடக்கும்போதே இதையும் சேர்த்துப் பெறலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

என்ன வகை புற்றுநோய்? எந்த ஸ்டேஜ்? சிகிச்சை முழுசா குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா? இந்த மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். புரியலைன்னா திரும்பக் கேட்கத் தயங்க வேண்டாம்.