எம்.எஸ்.டபிள்யூ., பி.எல்.: ஒரு ஜோடிப் பட்டத்தின் பயணம்

தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளில் மனிதவள மேலாளரின் அறை வாசலில் ‘எம்.எஸ்.டபிள்யூ., பி.எல்.’ என்று எழுதிய பெயர்ப்பலகை நமக்குப் பழகியதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சமூகப் பணி முதுகலை, சட்டம் என்ற இந்த இரண்டையும் ஒரே மூச்சில் படிக்கலாம். தனித்தனியே படித்தால் ஐந்து ஆண்டு. சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் நான்கு. சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வரும், அதனால்தான் ஓராண்டு மிச்சம். இந்த ஜோடியின் ஊற்றைத் தேடிப்போனால், சிகாகோவில் மலிவான படச்சட்டங்களுக்குத் தங்கப் பூச்சு பூசிக்கொண்டிருந்த ஒரு 11 வயதுச் சிறுவனிடம் போய் நிற்போம்.

அவன் கதைக்கு முன்னால் ஒரு கப்பல் பயணம் உண்டு. 1884இல் லண்டனின் ஏழ்மைப் பகுதியான ஒயிட்சேப்பலில் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் டாயின்பி ஹால் என்ற இல்லத்தைத் திறந்தார்கள். படித்த இளைஞர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1888இல் அதை நேரில் பார்த்த அமெரிக்கரான ஜேன் ஆடம்ஸ், ஊர் திரும்பியதும் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து, 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். பார்த்துச் செய்ததுதான்; ஆனால் இங்கே பெண்களின் கை ஓங்கியிருந்தது.

1891இல் அந்த வீட்டுக்கு மூன்று குழந்தைகளுடன் வந்து சேர்ந்தவர் ஃப்ளாரன்ஸ் கெல்லி. இரண்டே ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். அப்போதுதான் அந்தச் சிறுவனின் வழக்கு வந்தது. பூச்சு வேலைக்கான விஷத் திரவத்தால் அவனது வலது கை செயலிழந்துவிட்டது. கெல்லி சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த இளைஞர், இருக்கிற வழக்குகளுக்கு நடுவே இரண்டு வருடத்துக்குள் இதைத் தொடவே முடியாது என்று கைவிரித்துவிட்டார். கெல்லி கெஞ்சவில்லை, மேலிடத்துக்கு மனு எழுதவும் இல்லை. உடனே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார்! பகலில் ஆய்வாளர் வேலை, மாலையில் வகுப்பு. முன்பு தந்தையிடம் படித்த சட்டத்தையும் சூரிச்சில் படித்ததையும் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொண்டதால், 1895இலேயே பட்டம் கைக்கு வந்தது. இன்றைய ஜோடிப் படிப்பின் சூட்சுமமும் இதுதான்: முன்னர் கற்றதை அடுத்த பட்டத்துக்கும் வரவு வைப்பது.

அந்தப் படிப்பின் முழுப் பலன் 1908இல் தெரிந்தது. பெண் தொழிலாளர்களின் வேலைநேரத்தை நாளுக்குப் பத்து மணிநேரத்தோடு நிறுத்திய ஆரிகன் மாநிலச் சட்டத்தை, கர்ட் முல்லர் என்ற சலவைநிலைய உரிமையாளர் எதிர்த்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கெல்லி அப்போது தேசிய நுகர்வோர் சங்கத்தின் பொதுச்செயலாளர். அவரும் சக ஊழியர் ஜோசஃபின் கோல்ட்மார்க்கும் சட்டத்தைக் காக்க வழக்கறிஞர் லூயி பிராண்டைஸைப் பிடித்தார்கள். தாக்கலான வாதுரை நூறு பக்கத்துக்கு மேல். அதில் சட்ட வாதம் இரண்டே பக்கம். மற்றதெல்லாம் ஆய்வாளர் அறிக்கைகள், மருத்துவர்களின் குறிப்புகள், பல நாட்டுப் புள்ளிவிவரங்கள், அதாவது சமூகப் பணியாளர்களின் சேகரிப்பு. சட்டம் நிலைத்தது. பெருமை பிராண்டைஸின் பெயருக்குப் போனது. பின்னால் வந்த வழக்கறிஞர்கள் அந்தப் பாணியைத் தலைமுறை தலைமுறையாக நகலெடுத்தார்கள். தகவல் திரட்டிய பெண்களின் பெயர்களையும் சட்ட வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சமூகப் பணிக் கல்வி அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1898இல் நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைவகுப்பாகத் தொடங்கியதுதான் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளியாக வளர்ந்தது. 1915இல் பால்டிமோர் மாநாட்டில் கல்வியாளர் ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் ஒரு குண்டைப் போட்டார். சமூகப் பணி தனித்தொழிலே அல்ல, மருத்துவரையும் வழக்கறிஞரையும் அழைத்துவரும் இடைநிலை வேலைதான் என்றார். கூடியிருந்தவர்களுக்கு வலித்தது, வலிக்கத்தான் செய்யும். ஆனால் இரு துறைகளுக்கு நடுவே நிற்பதைக் குறையாக நினைக்காத ஒருவர் சிகாகோவில் இருந்தார். சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ், கென்டக்கியில் வழக்கறிஞராகப் பதிவான முதல் பெண். கட்சிக்காரர்கள் தேடி வராததால் சிகாகோவுக்கு வந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். 1920இல் அவரும் எடித் அபட்டும் சேர்ந்து சிகாகோவின் சமூகப் பணிப் பள்ளியை அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனார்கள்.

அதே சிகாகோவில் ஆய்வுப் பட்டம் பெற்ற கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற மிஷனரி 1920களில் பம்பாய் வந்தார், நாக்பாடாவில் ஹல் ஹவுஸ் சாயலில் ஓர் இல்லம் நடத்தினார். டாடா அறக்கட்டளைக்கு அவர் சொன்ன யோசனைதான் 1936இல் இந்தியாவின் முதல் சமூகப் பணிப் பள்ளியானது. இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம் (டிஸ்) அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். இடையில் ஒரு சட்டம் எதிர்பாராத திசையில் வழிதிறந்திருந்தது: 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நலஅலுவலர் இருக்க வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். சேரிக்குப் போகப் பயிற்சி பெற்றவர்களில் பலர் ஆலைக்குள் நுழைந்தார்கள். நிலையாணை, உள்விசாரணை, தொழிலாளர் நீதிமன்றம் என்று தினமும் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்ததால், பி.எல். தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கெல்லி ஆலை முதலாளியை வழக்கில் நிறுத்தச் சட்டம் படித்தார். இங்கே நிர்வாகத்தின் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவும் அதே ஜோடி உதவியது. இந்தத் திருப்பம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் அடுத்த உந்துதல் ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. 1964இல் அரிசோனாவில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையன் பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் ஆபாசமாகப் பேசியதாகப் புகார். பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. சிறார் நீதிமன்றமோ அவனை 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கச் சொன்னது. அன்புள்ள பெரியவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் வழக்கறிஞர் எதற்கு என்பது அந்த நீதிமன்றங்களின் பழைய நம்பிக்கை. 1967இல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது: சிறாருக்கும் வழக்கறிஞர் வேண்டும். இரண்டு தொழில்களும் ஒரே அறைக்கு வந்தபோது உரசலும் வந்தது. குழந்தைக்கு வீட்டில் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் சமூகப் பணியாளர் புகார் சொல்லியே ஆக வேண்டும். வழக்கறிஞரோ கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். இரண்டு பட்டமும் ஒருவரிடமே இருந்தால், முதல் சந்திப்பிலேயே தான் இன்று எந்தப் பொறுப்பில் பேசுகிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இந்தியா இந்த ஜோடியைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. நாட்டின் முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் மெட்ராஸ் மாகாணத்தில்தான் பிறந்தது. இன்றைய சிறார் நீதி வாரியத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆனால் படிப்பில் இன்னும் தடை நீங்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி 2022இல் அனுமதித்தது. இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளோ சட்டப் படிப்போடு இன்னொரு பட்டப் படிப்பில் சேர இடம் தரவில்லை. ஆகவே இங்கே எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு இரண்டு ஆண்டு, அது முடிந்து சட்டத்துக்கு மூன்று ஆண்டு. கெல்லிக்குக் கிடைத்த வரவு கிடையாது.