பிஜோவும் கோத்ரெஜும்

பழைய தட்டச்சுப்பொறி சேகரிப்பவர் முன்னால் இரண்டு தமிழ் மிஷின்களை வைப்போம். ஒன்று 'பிஜோ'. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா அமைத்த விசைப்பலகையோடு, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சைடல் – நௌமான் நிறுவனம் செய்த கையடக்கப் பொறி. மற்றொன்று டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் காலை பேட்ச், மாலை பேட்ச் என்று அடி வாங்கிய கோத்ரெஜ். சேகரிப்பவரின் கை பிஜோவுக்குத்தான் போகும். கோத்ரெஜ் எடைக்குப் போகும்.

பிஜோவின் மதிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பது சொச்சம் விசைகளுக்குள் அடக்குவது சாதாரண வேலையல்ல. 'அம்மா' என்று அடித்துப் பார்த்தால் புரியும். 'அ' அடித்ததும் கேரேஜ் ஓரிடம் நகர்கிறது. அடுத்து புள்ளி, இப்போது கேரேஜ் அசையாது. தாளில் புள்ளி மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதன் கீழே 'ம' வந்து விழுந்த பிறகே கேரேஜ் நகரும். எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளியை இங்கே முதலில் வைக்க வேண்டும். நகரா விசை என்ற இந்த ஏற்பாட்டால்தான் மெய்யெழுத்துகளுக்குத் தனித்தனி விசை தேவைப்படவில்லை.

கோத்ரெஜிலும் இதே நகரா விசைதான். அந்த நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கி, 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகள் எழுதி அரசு வேலைக்குப் போன எத்தனையோ குடும்பங்களின் முதல் தலைமுறை விரல் பழகியது இப்படிப்பட்ட மிஷின்களில்தான். இடக்கையின் ய, ள, ன, க விசைகளைப் பாருங்கள், மேற்பூச்சே தேய்ந்து வழுவழுத்திருக்கும். சேகரிப்பவர்கள் இதைப் பழுது என்று கழித்துவிடுகிறார்கள். இந்தத் தேய்மானம்தான் அந்த மிஷினின் பெறுமதி என்பேன். பெட்டிக்குள் பத்திரமாக இருந்த பிஜோவில் இதைப் பார்க்க முடியாது.

விலையை வைத்து மதிப்பைச் சொல்ல முடியாது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி பல ஆண்டுகள் பயன்படுத்திய ஒலிவெட்டி லெத்தெரா 32, 2009இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போனது. அதற்குப் பதிலாக நண்பர் ஒருவர் அவருக்கு அதே மாடலை வாங்கித் தந்தார். விலை 11 டாலர். இரும்பு ஒன்றுதான், பிரபலமான கை பட்டதற்கு விலை கிடைத்தது. பெயர் தெரியாத ஆயிரம் கை பட்டதற்கு ஏன் ஒன்றுமில்லை?

காரைக்கால் பகுதியில், எங்கள் அம்பகரத்தூர் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகம். சற்றுத் தள்ளித் தஞ்சாவூர் ஜில்லா, அங்கே 1947 வரை ஆங்கில நிர்வாகம். பிரெஞ்சு விசைப்பலகையில் மேல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். ஆங்கிலத்தில் க்யூ, டபிள்யூ. அப்படி ஒரு பிரெஞ்சு மிஷின் இங்கே பழைய இரும்போடு வந்தால், ஆங்கிலம் பழகியவர் யாரோ விசைகளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று தள்ளிவிடக்கூடும். விவரம் தெரிந்தவருக்கு அதே மிஷின் இந்த ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்பதற்குச் சாட்சி.

பிஜோவுக்கு ஆள் இருக்கிறது, அது தப்பித்துக்கொள்ளும். ஆபத்து கோத்ரெஜுக்குத்தான். இன்ஸ்டிடியூட் மூடும்போது மொத்தமாக வண்டியில் ஏறிவிடுகிறது. ஏற்றும் முன் ஒன்றையாவது இறக்கி வையுங்கள். ரிப்பன் காய்ந்திருக்கட்டும், ரோலர் ரப்பர் இறுகியிருக்கட்டும், அதெல்லாம் மாற்றக்கூடியவை. நகரா விசைகள் வேலை செய்கின்றனவா என்று மட்டும் அடித்துப் பார்த்து, வரிசை எண்ணையும் எந்த இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள்.