ஊருணி கற்பிக்கும் கணக்கு

கார்த்திகை மாத மழைநாளொன்றில் திருப்பத்தூர் வட்டத்துக் கீழச்சிவல்பட்டிக்குச் செல்ல நேர்ந்தது. நோயுற்றிருந்த ஒருவரைச் சந்தித்துத் திரும்புகையில் மழை வலுத்தது. பழைய நகரத்தார் வீடொன்றின் திண்ணையில் ஒதுங்கினேன். வீட்டைக் காத்துவரும் முதியவர் கதவைத் திறந்து உள்ளே அழைத்தார். நாற்புறத்து ஓட்டுக் கூரைகளிலிருந்தும் நீர் நடுமுற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பார்த்திருந்தவர், ஒரு பித்தளை அண்டாவை நீர் விழும் இடத்திற்கு நகர்த்தினார். “மொத மழையை விட்டுருவோம் சாமி. கூரை கழுவுன பொறகு விழுற தண்ணியத்தான் பிடிப்போம்” என்றார்.

வீட்டார் எல்லாரும் சென்னையில். அந்த நீரைக் குடிக்க அவரைத் தவிர அங்கு எவருமில்லை. ஆயினும் வழக்கத்தை அவர் விடவில்லை. அந்த அண்டாவுக்குப் பின்னே ஒரு நாட்டின் வரலாறே இருப்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதுவும் சில வாரங்களில் பெய்து ஓய்ந்துவிடும். எனினும் நூறு சதுர மீட்டர் கூரையில் விழும் அந்த மழையைக் கணக்கிட்டால் 90,000 லிட்டர் ஆகிறது. இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முற்றத்தில் பிடித்தது போக எஞ்சிய நீர் வடிகால் வழியே தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் செல்லுமாறு ஊர்களை அமைத்தனர். குடிநீர் ஊருணியில் குளிப்பதோ, துவைப்பதோ, கால்நடைகளை இறக்குவதோ கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கண்மாயில் சேர்ந்த கரம்பை மண் கோடையில் வயலுக்கு உரமாகப் போயிற்று, கண்மாயும் ஆழப்பட்டது.

இவற்றைப் பேணும் பொதுப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் அவ்வுழைப்பைச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. மனமுவந்து செய்துவந்த கடமையைச் சட்டம் கேட்டு வாங்க நேர்ந்தால், அக்கடமை தளர்ந்துவிட்டது என்றுதானே பொருள்? பின்னர் வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு வந்தது. தன் வீட்டில் நீர் உள்ளவனுக்கு ஊருணியைப் பற்றிய கவலை எதற்கு? மழைநீரைச் சேமிக்கும் அறிவை நாம் மறந்துவிடவில்லை. அயலாரோடு நம்மைக் கட்டியிருந்த கயிறுதான் அறுந்தது. 2003இல் தமிழக அரசு கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் நல்லவை. அறுந்த கயிற்றை முடிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்.

இங்கே நிறுத்திவிட்டால் வரலாறு இனிமையாக முடியும், உண்மையாக முடியாது.

நான் மழைக்கு ஒதுங்கிய வீட்டின் தூண்கள் பர்மாத் தேக்கு. சொந்த முற்றத்தின் ஒரு சொட்டு நீரையும் வீணாக்காத வீடு, கடல் கடந்த காடுகளின் மரத்தால் எழுந்தது. அதைக் கட்டிய செல்வத்தின் கதையும் அவ்வாறே. செட்டியார்கள் கொடுத்த கடன் ஐராவதி ஆற்றுப் படுகையை நெற்களஞ்சியமாக்க உதவியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937இல் 25 விழுக்காடாயிற்று. அவர்கள் நிலத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஆயினும் நிலமிழந்த உழவனின் கண்ணீர் எந்தப் பேரேட்டிலும் பற்று வைக்கப்படவில்லை.

ஊருணிக்கும் ஒரு நிழல் உண்டு. தமிழகத்து ஊர்கள் பலவற்றில், ஊருணியை வெட்டிய கைகளே அதில் நீர் மொள்ளக் கூடாதென விலக்கப்பட்டன. பொதுக் கிணறு, குளங்களில் அனைவர்க்கும் உரிமை உண்டென்று கூற 1938இல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய நாம் பிறரை நோக்கி விரல் நீட்ட இயலாது.

இத்தருணத்தில் நினைவுக்கு வருபவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வு பயின்றவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் வாழ்வே மாறியது. நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையில் அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் இயற்கை தரும் வருமானத்தில் வாழ்வது ஒரு வாழ்வு; நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கக் குறையும் இருப்பைக் கரைத்து வாழ்வது மற்றொன்று. பின்னது போட்டிக்கும் போருக்கும் வழிவகுக்கும் என்று அவர் எச்சரித்தார். முதலைத் தின்னும் வணிகன் நிலைக்கமாட்டான் என்பது செட்டிநாட்டில் சிறுவனும் அறிந்த பாடம். மழைநீர் வருமானம், ஆழ்துளைக் கிணற்று நீரை மழை ஈடுசெய்யாத அளவுக்கு எடுத்தால், அது முதலைத் தின்பதே. தன் இறுதிக் காலத்தை மதுரைப் பக்கத்துத் தே. கல்லுப்பட்டியில் எளிமையாகக் கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வழங்கிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலும், பூமிக்கு இழைக்கும் தீங்கையும் ஏழைக்கு இழைக்கும் தீங்கையும் தனித்தனியே பார்க்கலாகாது என்கிறது. ஆகவே சிக்கனம் மட்டும் போதாது. இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யாருடைய பங்கு இதில் அடங்கியிருக்கிறது என்ற கேள்வியும் நம் அன்றாடக் கணக்கில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.

நம் ஆலயக் கூரையில் விழும் மழை எங்கே போகிறது? திருவிழா விருந்துக்குப் பின் தெருவில் கிடக்கும் நெகிழிக் குவளைகளைப் பெருக்கி அள்ளுபவர் யார்? பங்குப் பேரவையில் வரவு செலவு வாசிக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன?

மழை விட்டதும் விடைபெற்றேன். அண்டா நிரம்பியிருந்தது. முதியவர் ஒரு செம்பு நீரை மொண்டு எனக்குத் தந்தார். மற்றொரு குடத்தை நிரப்பி, வாசல் தாண்டி எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார்.