பொம்மை விமானமும் கொழும்பு வானமும்

மாதிரி விமானம் செய்வோர் பல்சா மரத்தைச் செதுக்கிச் சட்டமிடுவர். மெல்லிய உறை போர்த்துவர். அசல் விமானத்தின் வண்ணத்தையே அதற்கும் தீட்டுவர். பெரிய மாதிரியென்றால் வேலை மாதக்கணக்கில் நீளும். பிறகு வானொலி அலைகளால் அதனைத் தரையிலிருந்தே இயக்குவர். பார்ப்பதற்கு விளையாட்டுத்தான். ஆனால் அதன் வரலாற்றில் போரின் நிழல் உண்டு.

1935இல் பிரித்தானியர் 'குயின் பீ' என்ற ஆளில்லா விமானத்தைப் பீரங்கிப் படையினரின் குறிபார்க்கும் பயிற்சிக்காகப் பறக்கவிட்டனர். அமெரிக்காவில் மாதிரி விமானக் கடை நடத்திய நடிகர் ரெஜினால்ட் டென்னி தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது. அத்தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்ணொருவரே பின்னாளில் மர்லின் மன்றோ எனப் புகழ்பெற்றார்.

கொழும்பு வானமும் போரை அறியும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கின. 2009 பெப்ரவரி 20 இரவு, புலிகளின் சிறிய விமானமொன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. 2019 ஏப்ரல் 21, மற்றோர் உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. சில நாட்களில் ஆளில்லா விமானங்கள் பறக்கத் தடை வந்தது.

போர்க்காலத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையில் தமிழ் இளைஞன் ஒருவன் அன்டெனா நீட்டிய கருவியுடன் நின்றிருந்தால், அது பொழுதுபோக்கு என்று எந்தச் சோதனைச்சாவடியில் விளக்கியிருப்பான்? எங்கள் பிள்ளைகள் இழந்தவற்றின் பட்டியலில் இந்தச் சிறிய வானத்தையும் நான் சேர்க்கிறேன்.