பிரூர்

சென்னையின் மாத்தூரில் சுத்திகரிப்பு என்றால் பக்கத்து மணலியில் 1969-இல் ஓடத் தொடங்கிய எண்ணெய் ஆலைதான் நினைவுக்கு வரும். யூத மறைஞானமும் ஒரு சுத்திகரிப்பைப் பேசுகிறது. எபிரேயத்தில் அதன் பெயர் 'பிரூர்'. பிரித்தெடுத்தல், தெளிவாக்குதல் என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. நம் 'தெள்' என்ற வேரும் இதே போக்குத்தான்: முறத்தில் தெள்ளுகிறோம், மனம் தெளிகிறது. யூதரின் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளில் ஒன்றான 'போரேர்' இதே வேரிலிருந்து வந்தது. தானியத்தில் கல்லும் குப்பையும் பொறுக்குவது அது.

இந்த அடுக்களைச் சொல்லைப் பிரபஞ்சம் அளவுக்கு விரித்தது, 1572-இல் மறைந்த யூத மறைஞானி ஐசக் லூரியாவின் மரபு. அதன்படி, இறையொளியைத் தாங்காமல் ஆதிக் கலங்கள் உடைந்தன. ஒளிப்பொறிகள் பொருள்களுக்குள், 'கெலிபோத்' எனும் தோட்டுக்குள் சிக்கின. வாழ்த்துச் சொல்லி, நல்ல நோக்கத்தோடு அப்பத்தை உண்டால் அதிலுள்ள பொறி மீளும்; அதுவே பிரூர். உலகத்தை உதறச் சொல்லாமல், அதைக் கையாளும் விதத்தை மாற்றச் சொல்வதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹசிதியம் எனும் யூத பக்தி இயக்கம் வியாபாரத்தையும் உழைப்பையும்கூட இதற்குள் சேர்த்தது.

இன்றைய எபிரேயத்தில், ஒரு விவரத்தை விசாரித்து அறிவதற்கும் 'பிரூர்' என்றே பெயர்.